அப்பா ஆண்டவரிடம் அறிக்கையிட்டுவிட்டார், சித்தப்பாவிடமும் சொல்லத்தான் வேண்டுமா?

சந்தூர் தோப்புக்காரன்:

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். கொஞ்சம் நீளமாக வரும், பொறுத்துப் படியுங்கள்.

ஊர் கிருஷ்ணகிரி மாவட்டம், சந்தூர் பக்கம். தாத்தா காலத்திலிருந்தே லுத்தரன் சபை. அம்மா எலத்தகிரியில் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர், கல்யாணத்துக்கு அப்புறம் எங்கள் சபைக்கு வந்துவிட்டார், ஆனாலும் ஜெபமாலையை விடவில்லை. என் மனைவி வீட்டார் பர்கூரில் பெந்தெகொஸ்தே சபை. இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், ஒரே கேள்விக்கு எங்கள் வீட்டுக்குள்ளேயே மூன்று பதில் வருகிறது.

அப்பாவுக்கு 78 வயது. பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது, கட்டிலோடு இருக்கிறார். பேச்சும் நினைவும் நன்றாகவே இருக்கின்றன. தூக்கம்தான் இல்லை. நடுராத்திரியில் முழித்துக்கொண்டு ஜெபம் பண்ணுவார், வாய்விட்டு அழுவார். உடம்பு வலி என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தோம். போன மாதம் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

தாத்தா இறந்து பாகம் பிரித்த சமயத்தில் சித்தப்பா பெங்களூரில் சென்ட்ரிங் வேலையில் இருந்தார். கிணறும் அதைச் சுற்றியிருக்கிற பெங்களூரா மாமரங்களும் இரண்டு பேருக்கும் பொது என்று தாத்தா வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். பத்திரம் எழுதும்போது அப்பா அதை மொத்தமாகத் தன் பாகத்தில் சேர்த்து எழுதவைத்துவிட்டார். சித்தப்பா படித்துப் பார்க்கவில்லை, அண்ணன் சொன்னால் சரி என்று கையெழுத்துப் போட்டுவிட்டு அன்று சாயங்காலமே பஸ் ஏறிவிட்டார். பின்னால் ஒரு தடவை கேட்டதற்கு, "அய்யா கடைசியில் எனக்கே எழுதச் சொல்லிவிட்டார்" என்று அப்பா சொல்லியிருக்கிறார். செத்துப்போன தகப்பன் பேரில் சொன்ன பொய். சித்தப்பா அதற்கு மேல் பேசவில்லையாம்.

அவர் பங்குக்கு வந்தது மேட்டு நிலம். போர் போட்டுப் பார்த்தார், தண்ணீர் வரவில்லை. பங்குனி, சித்திரையில் எங்கள் கிணற்றிலிருந்துதான் ஓஸ் போட்டு அவர் மரங்களுக்குத் தண்ணீர் விடுவோம். வருஷா வருஷம் காய் இறக்கினதும் ஒரு கூடை செந்தூரா எடுத்துவந்து, "அண்ணன் தயவில்தான் இந்தக் காய்" என்று சொல்லி வைத்துவிட்டுப் போவார். இந்த வருஷம் அந்தக் கூடை வந்ததிலிருந்து அப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை.

அப்பா என்னிடம் கேட்கிறது ஒன்றே ஒன்றுதான். "ஆண்டவர்கிட்ட எத்தனையோ தடவை சொல்லிட்டேன், மன்னிச்சிருப்பாரா?" என் மனைவி, இயேசுவின் இரத்தம் சகல பாவத்தையும் நீக்கிவிட்டது மாமா, இனி அதை நினைக்கவே கூடாது என்கிறாள். அம்மா, எலத்தகிரி சாமியாரைக் கூட்டிவந்து பாவசங்கீர்த்தனம், அதாவது அவரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புப் பெறுவது, பண்ணவைக்கலாம் என்கிறார். எனக்கோ சித்தப்பாவிடம் சொல்லாமல் இது முடியாது என்று தோன்றுகிறது, ஆனால் சொன்னால் என்ன ஆகும் என்று பயமாகவும் இருக்கிறது. சித்தப்பா சாது, அவர் பையன்கள் இரண்டு பேரும் அப்படி இல்லை. கேஸ், பஞ்சாயத்து என்று போனால் அப்பா அதைத் தாங்க மாட்டார்.

வேதம் என்ன சொல்கிறது? ஆண்டவரிடம் சொன்னது போதாதா?


பர்கூர் சகோதரி:

பிரதர், உங்கள் அப்பாவுக்காக இப்போதே ஜெபித்துவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன். அவர் மன்னிக்கப்பட்டாரா என்பதில் சந்தேகமே வேண்டாம். "நம்முடைய பாவங்களை நாம் அறிக்கையிட்டால்" என்று 1 யோவான் 1:9 சொல்கிறதே, அதில் எத்தனை தடவை அறிக்கையிட வேண்டும், எவ்வளவு அழ வேண்டும் என்று ஏதாவது கணக்கு இருக்கிறதா? இல்லை. மன்னிக்க அவர் "உண்மையும் நீதியும் உள்ளவராயிருக்கிறார்" என்று மட்டும்தான் இருக்கிறது. நம் பாவங்களைச் சமுத்திரத்தின் ஆழங்களில் போட்டுவிடுகிறவர் என்று மீகா 7:19-ல் இருக்கிறது. ராத்திரியில் வந்து பழையதைக் கிளறிக் குற்றஞ்சாட்டுகிறவன் யார் என்று வெளிப்படுத்தல் 12:10 படியுங்கள், தெரியும். அப்பாவுக்கு இந்த வசனங்களைச் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள்.

சித்தப்பா விஷயத்தில் நான் கொஞ்சம் யோசிக்கத்தான் சொல்வேன். அவர் இப்போது சமாதானமாக இருக்கிறார். சொன்னால் அந்தச் சமாதானம் போகும், பையன்கள் கொதிப்பார்கள், படுத்திருக்கிற பெரியவர் வாசலில் நின்று கத்துவார்கள். அதற்குப் பதிலாகச் சொல்லாமலே சித்தப்பா குடும்பத்துக்கு நன்மை செய்யலாமே, பேத்தி படிப்புக்கோ கல்யாணத்துக்கோ ஒரு பெரிய தொகையாகக் கொடுக்கலாம். தாவீது ராஜாவே, "தேவரீர் ஒருவருக்கே விரோதமாக நான் பாவஞ்செய்து" என்றுதானே 51-ஆம் சங்கீதத்தில் பாடுகிறார்.


தர்மபுரி உபதேசியார்:

தம்பி, நான் ஓய்வுபெற்ற ஆள், சபைகளில் உபதேசியாராக நிறைய வருஷம் இருந்தவன். கட்டிலில் கிடக்கிற பெரியவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டவன் என்பதால் எழுதுகிறேன்.

சகோதரி மன்னிப்பைப் பற்றிச் சொன்ன முதல் பாதி அப்படியே சத்தியம். ஒரு வார்த்தையும் குறைக்க மாட்டேன். அந்த வசனத்தில் "நீதியும் உள்ளவர்" என்று இருப்பதை மட்டும் அப்பாவுக்கு நிறுத்திச் சொல்லுங்கள். இரக்கப்பட்டு விட்டுவிடுகிறார் என்றால் நாளைக்கு மனம் மாறிவிடுவாரோ என்று பயப்படலாம். அதற்கு அடுத்த அதிகாரத்தில் கிறிஸ்துவே நம் பாவங்களுக்கான கிருபாதார பலி என்று யோவான் எழுதுகிறார். விலை கொடுத்தாயிற்று, அதனால் மன்னிப்பது அவருக்கு நீதி. அப்பா எவ்வளவு உருக்கமாக அழுதார் என்பதில் இது நிற்கவில்லை.

ஆனால் 51-ஆம் சங்கீதத்தை இந்த இடத்தில் கொண்டுவந்ததை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். தாவீது யார் மனைவியை எடுத்துக்கொண்டானோ அந்த உரியா, அவன் இதைப் பாடும்போது எங்கே? யுத்தத்தில் முன்னணியில் நிறுத்திச் சாகடித்தாயிற்று. போய்ச் சொல்வதற்கு ஆள் இல்லை. உங்கள் சித்தப்பா கூப்பிடு தூரத்தில் இருக்கிறார் தம்பி, வருஷா வருஷம் கூடையோடு வருகிறார்.

சொல்லாமல் பணமாகக் கொடுப்பதும் சரியாக வராது. சித்தப்பா அதையும் "அண்ணன் தயவு" என்றுதான் வாங்குவார். எடுத்துக்கொண்டவன் கொடையாளியாக ஆகிவிடுவான். இப்போது கிணற்றுத் தண்ணீரில் நடக்கிறது அதுதானே, தன் கிணற்றுத் தண்ணீருக்கே அவர் நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறார், உங்கள் அப்பாவைத் தூங்கவிடாதது அந்த நன்றிதான் என்று நான் நினைக்கிறேன்.

எண்ணாகமம் 5-ஆம் அதிகாரம் எடுங்கள். ஒருவன் குற்றம் செய்தால் முதலில் அறிக்கையிட வேண்டும், அப்புறம் முதலோடு ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டி, யாருக்குச் செய்தானோ அவனுக்கே கொடுக்க வேண்டும். லேவியராகமம் 6-லும் இதேதான், அங்கே ஒழுங்கைப் பாருங்கள், பறித்ததைத் திரும்பக் கொடுத்துவிட்டுத்தான் பலிக்கு ஆட்டைக் கொண்டுவருகிறான். ஆண்டவரும் மத்தேயு 5:23-24-ல், காணிக்கையைப் பலிபீடத்துக்கு முன் வைத்துவிட்டு முதலில் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகு என்கிறார். அநியாயமாக வாங்கிச் சேர்த்த வரிவசூல்காரன் சகேயுவை எல்லோரும் சொல்வார்கள், ஆனால் ஒன்றைக் கவனியுங்கள், இயேசு அவன் வீட்டில் தங்கப்போகிறேன் என்று சொன்னது முதலில், நாலத்தனையாகத் திரும்பக் கொடுக்கிறேன் என்று அவன் எழுந்து நின்று சொன்னது அப்புறம். கொடுத்ததால் ஏற்றுக்கொள்ளப்படவில்லை, ஏற்றுக்கொள்ளப்பட்டதால் கை திறந்தது. அப்பா நிலத்தைக் கொடுத்து மன்னிப்பை வாங்கப் போவதில்லை. மன்னிக்கப்பட்டவர் என்கிற தைரியத்தில்தான் தம்பி முகத்தைப் பார்க்கப் போகிறார்.

தம்பியை அடிமையாக விற்றுப்போட்ட யோசேப்பின் அண்ணன்மாரையும் ஒரு தடவை வாசித்துப் பாருங்கள். எகிப்தில் யோசேப்பு தன்னை வெளிப்படுத்தி, கட்டிப்பிடித்து அழுது, முத்தம் செய்து, கோசேனில் நிலமும் கொடுத்துவிட்டான். அவர்கள் தகப்பன் யாக்கோபு எகிப்தில் 17 வருஷம் உயிரோடு இருந்தார் என்று ஆதியாகமம் 47:28-ல் இருக்கிறது. அவர் செத்ததும் இந்த அண்ணன்மார் என்ன செய்கிறார்கள்? இனி யோசேப்பு நம்மைப் பகைப்பான் என்று நடுங்குகிறார்கள். மன்னித்து 17 வருஷம் ஆகியும் பயம் போகவில்லை. ஏன்? 45-ஆம் அதிகாரத்தில் யோசேப்புதான் பேசுகிறான். அதற்குப் பின் சகோதரர் அவனோடு பேசினார்கள் என்று இருக்கிறதே தவிர, "நாங்கள் உனக்குச் செய்தது பாவம், மன்னித்துவிடு" என்று அவர்கள் யோசேப்புக்குச் சொன்னதாக வேதத்தில் முதலில் வருவது 50-ஆம் அதிகாரத்தில்தான். அதைக் கேட்டு யோசேப்பு அழுதான். அவன் மன்னிக்காமல் இருந்ததால் அவர்கள் பயப்படவில்லை, இவர்கள் வாய் திறக்காமல் இருந்ததால் அவன் மன்னித்தது இவர்களுக்கு எட்டவே இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உங்கள் சபை லுத்தரன் சபை, 1895-ல் அமெரிக்க மிசூரி லுத்தரன் சபையின் மிஷனெரிமார் கிருஷ்ணகிரியில் வந்து தொடங்கிய வழியில் வந்ததாகத்தான் இருக்கும். அப்பா சின்ன வயதில் லுத்தரின் சிறிய ஞானோபதேசம் என்கிற கேள்வி-பதில் புத்தகத்தை மனப்பாடம் பண்ணித்தான், நற்கருணைக்குச் சேர்க்கிற திடப்படுத்தல் எடுத்திருப்பார். அதில் பத்துக் கட்டளைகளில் ஒன்பதாம் கற்பனைக்கு என்ன விளக்கம் என்று அவரையே கேளுங்கள், அயலானுடைய சுதந்தரத்தையோ, அதாவது பரம்பரைச் சொத்தையோ, வீட்டையோ தந்திரமாய் அடையப் பார்க்கக் கூடாது, நியாயம் போலக் காட்டியும் எடுத்துக்கொள்ளக் கூடாது என்று வரும். 1529-ல் எழுதினது, நம் ஊர்ப் பத்திரத்துக்கே எழுதின மாதிரி இருக்கிறது. அவருக்கு அது ஞாபகம் இருக்கிறதால்தான் தூக்கம் போகிறது என்று நினைக்கிறேன். ஆனால் அதே புத்தகத்தில் பாவ அறிக்கையைப் பற்றியும் ஒரு பகுதி இருக்கிறது. பாவ அறிக்கையில் இரண்டு உண்டு, ஒன்று பாவத்தைச் சொல்வது, மற்றது போதகர் வாயால் வரும் மன்னிப்பைத் தேவனிடமிருந்தே வருவதாக ஏற்றுக்கொண்டு சந்தேகப்படாமல் இருப்பது. ஞாயிறு ஆராதனையில் எல்லோரும் சேர்ந்து சொல்வதோடு நம் சபைக்காரர்கள் நிறுத்திவிட்டார்கள், ஆனால் தனியாகச் சொல்லி மன்னிப்பின் வார்த்தையைக் கேட்பதைச் சபையில் விட்டுவிடக் கூடாது என்று லுத்தரன் சபைகளின் விசுவாச அறிக்கையான ஆக்ஸ்பர்க் அறிக்கையின் 11-ஆம் பிரிவு வைத்திருக்கிறது. உங்கள் சபை ஐயரை, போதகரைத்தான் சொல்கிறேன், வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். தலையில் கை வைத்து, "உன் பாவங்கள் உனக்கு மன்னிக்கப்பட்டது" என்று இயேசுவின் நாமத்தில் அவர் சொல்லட்டும். ராத்திரி தனியாக ஜெபிக்கும்போது கேள்வியும் நாமே, பதிலும் நாமே என்று ஆகிவிடுகிறது. இன்னொருவர் வாயிலிருந்து அந்த வார்த்தை காதில் விழ வேண்டும்.


எலத்தகிரி அக்கா:

உங்கள் அம்மா எங்கள் ஊர் என்று படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. மறைக்கல்வி வகுப்பு எடுக்கிறவள் நான்.

அம்மாவுக்கு ஏன் அப்படித் தோன்றுகிறது என்று எனக்குப் புரிகிறது. பெரிய வெள்ளிக்கு முன்னால் பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நிற்கிற ஊரில் வளர்ந்தவர், சாமியாரிடம் சொன்னால் மனசு இறங்கிவிடும் என்று பார்த்துப் பழகினவர். வருஷத்துக்கு ஒரு தடவையாவது பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும் என்பது 1215-ஆம் வருஷம் ரோமில் ஆயர்கள் கூடிய லாத்தரன் சங்கத்தில் வைத்த ஒழுங்கு, இன்றைக்கும் இருக்கிறது. ஆனால் அப்பா கத்தோலிக்கர் இல்லை என்பதால் சாதாரண நிலையில் அவருக்கு இந்தப் பாவசங்கீர்த்தனத்தை, ஒப்புரவு அருட்சாதனம் என்போம், கொடுக்க மாட்டார்கள். மரணத் தறுவாய் போன்ற நேரத்துக்குச் சில விதிவிலக்குகள் உண்டு, அதற்கும் நிபந்தனைகள் இருக்கின்றன. அம்மாவின் ஆறுதலுக்காகச் சாமியார் வந்து பேசலாம், செபிக்கலாம், அதில் தடையில்லை.

அம்மா ஒன்றை மறந்திருக்கலாம். சாமியாரிடம் சொன்னாலும் இந்த நிலம் நிலமாகத்தான் நிற்கும். சின்னப் பிள்ளைகளுக்கு நாங்கள் சொல்லிக்கொடுக்கிறதே இதுதான், பாவங்களை எண்ணிப் பார்க்க வேண்டும், மனம் வருந்த வேண்டும், இனி செய்வதில்லை என்று உறுதி எடுக்க வேண்டும், குருவிடம் சொல்ல வேண்டும், அவர் கொடுக்கிற பரிகாரத்தைச் செய்ய வேண்டும். திருடினதைத் திரும்பக் கொடுக்க மனமில்லாமல் வருத்தம் மட்டும் இருக்கிறது என்றால் எந்தக் குருவும் அந்த இடத்தில் நிறுத்திக் கேட்பார். முடிந்தவரைக்கும் ஈடு செய்தாக வேண்டும் என்பது திருச்சபையின் போதனை, பறித்த பொருளுக்கும் அப்படித்தான், கெடுத்த பேருக்கும் அப்படித்தான்.

பணமாக இருந்தால் யார் என்று தெரியாமலே குரு வழியாகத் திரும்பப் போய்ச் சேர்வது உண்டு. பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை அவர் உயிர் போனாலும் வெளியே சொல்லக் கூடாது என்பதால் அது முடியும். கிணற்றையும் மரத்தையும் அப்படிப் பேர் தெரியாமல் கொடுக்க முடியாதே தம்பி. அதனால் நம் இரண்டு சபையும் வேறு வேறு வழியில் போனாலும் உங்கள் வீட்டுக் கதையில் வந்து நிற்கிற இடம் சித்தப்பா வாசல்தான்.


பாலக்கோடு வாசகன்:

நான் வசனம் சொல்ல வரவில்லை. நாங்கள் அந்தப் பக்கத்து ஆட்கள், ஏமாற்றப்பட்ட தம்பி வீட்டுப் பிள்ளை நான்.

முதலில் ஒன்று கேட்கிறேன், சித்தப்பாவுக்குத் தெரியாது என்று எதை வைத்து நினைக்கிறீர்கள்? பயிர்க்கடன் வாங்கச் சொசைட்டிக்குப் போகும்போது சிட்டா, அடங்கல் எடுத்திருப்பார். போர் போடும்போது சர்வே நம்பர் பார்த்திருப்பார். தன் பாகத்தில் எது இருக்கிறது, எது இல்லை என்று தெரியாத சம்சாரி நம் மாவட்டத்தில் இருக்கிறாரா? எங்கள் அப்பாவுக்கும் தெரியும். பெரியப்பா வாய் திறப்பார் என்று கடைசிவரைக்கும் காத்துக்கொண்டிருந்தார். பெரியப்பா ஆஸ்பத்திரியில் இருந்தபோது தினமும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு வருவார், நாங்கள் ஏன் போகிறீர்கள் என்று சண்டை போடுவோம். பெரியப்பா சொல்லாமலே போய்விட்டார். எங்கள் அப்பா நிலத்துக்காக ஒரு நாளும் அழுததில்லை, அந்தச் சாவு வீட்டிலிருந்து திரும்பி வந்து, "ஒரு வார்த்தை சொல்லலையேடா" என்று சொல்லி அழுதார்.

கூடையோடு வந்து "அண்ணன் தயவு" என்று சொல்கிறவர் ஒன்றும் தெரியாமல் சொல்கிறாரா, அண்ணன் வாயிலிருந்து வரட்டும் என்று வாசலைத் திறந்து வைக்கிறாரா என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

இரண்டாவது, கோபித்துக்கொள்ளாதீர்கள், நீங்களும் இதில் ஒரு கட்சி. அப்பாவுக்கு அப்புறம் அந்தத் தோப்பு உங்கள் பேருக்குத்தான் வரும். இதுவரைக்கும் தெரியாது, இப்போது தெரிந்துவிட்டது. சித்தப்பா பையன்களைப் பற்றிப் பயப்படுகிறதில் எவ்வளவு அப்பாவுக்காக, எவ்வளவு தோப்புக்காக என்று நீங்களே பாருங்கள்.


பர்கூர் சகோதரி:

பாலக்கோடு பிரதர் எழுதியதைப் படித்து அழுதுவிட்டேன். உபதேசியார் ஐயா, உரியாவைப் பற்றிச் சொன்னது சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் ஒரு விஷயத்தை நான் விட மாட்டேன். நம் சபைகளில் சாட்சி சொல்கிறேன் என்று எழுந்து நின்று, தான் செய்த பாவத்தையெல்லாம் மைக்கில் சொல்லிவிட்டு இலேசாகிப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், யாருக்குத் தீங்கு செய்தார்களோ அவர்கள் அதைச் சுமந்துகொண்டு வீட்டுக்குப் போவார்கள். தனக்குத் தூக்கம் வர வேண்டும் என்பதற்காகத் தம்பி தூக்கத்தைக் கெடுக்கக் கூடாது. சொல்வதானால் கையில் நிலத்தோடு சொல்லட்டும். வெறும் வார்த்தையாகச் சொல்லி, "நீ மன்னிச்சேன்னு சொல்லு, நான் நிம்மதியா சாகணும்" என்று படுக்கையிலிருந்து கேட்டால், அந்தத் தம்பி வேறு என்ன சொல்ல முடியும்?


சந்தூர் தோப்புக்காரன்:

எல்லோருக்கும் நன்றி. பாலக்கோடு அண்ணா, கோபமில்லை. நீங்கள் கேட்டது உறைத்தது. அந்தத் தோப்பில் வருகிற காயை மாங்கூழ் ஃபேக்டரிக்கு ஏற்றித்தான் என் பிள்ளைகள் ஃபீஸ் போகிறது, அது மனசில் இல்லை என்று சொன்னால் பொய்.

நேற்று அப்பாவிடம் உபதேசியார் ஐயா எழுதிய யோசேப்பு பகுதியை வாசித்துக் காட்டினேன். பேசாமல் கேட்டுக்கொண்டே இருந்தார். அப்புறம் ஒன்பதாம் கற்பனை என்று ஆரம்பித்தேன், நான் முடிப்பதற்குள் விளக்கத்தை அவரே முழுசாகச் சொல்லிவிட்டார். "தம்பியைக் கூப்பிடு" என்கிறார் இப்போது. தங்கச்சிக்கும் தோப்பில் பங்கு உண்டு என்பதால் அவளிடமும் பேசினேன், அவள் யோசிக்கவே இல்லை, கொடுத்துவிடலாம் என்றாள். அம்மாதான் இன்னும் பயப்படுகிறார். அப்பா எழுந்து நடக்க முடியாது, பத்திரம் எப்படி எழுதுவது? சித்தப்பா வந்ததும் என்ன சொல்ல வேண்டும் என்று என்னிடம் கேட்கிறார், எனக்குச் சொல்லத் தெரியவில்லை.


பாலக்கோடு வாசகன்:

பத்திரத்துக்குக் கஷ்டம் இல்லை. வாயால் கொடுத்தேன் என்றால் செல்லாது, எழுதிப் பதிவு செய்தால்தான் நிற்கும், அதனால் அப்பா இருக்கும்போதே முடித்துவிடுங்கள். செட்டில்மென்ட் எழுதலாமா வேறு எப்படி என்று ஆவண எழுத்தரிடமோ வக்கீலிடமோ மூலப் பத்திரத்தைக் காட்டிக் கேளுங்கள். அப்பா போக முடியாத நிலையில் இருப்பதால், காரணம் காட்டி மனு கொடுத்தால் சார்பதிவாளர் வீட்டுக்கே வந்து பதிவு செய்ய பதிவுச் சட்டத்தில் இடம் இருக்கிறது. சுயநினைவோடு இருக்கிறார் என்று டாக்டரிடம் ஒரு சர்ட்டிஃபிகேட் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், நாளைக்கு யாரும் கேள்வி கேட்கக் கூடாது. கிணற்றை எழுதும்போது மோட்டார், மின் இணைப்பு, கிணற்றுக்குப் போகிற பாதை எல்லாவற்றையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். பாதையை விட்டுவிட்டு எழுதிய பத்திரத்தால் வந்த சண்டையைத்தான் எங்கள் ஊரில் அதிகம் பார்த்திருக்கிறேன்.


தர்மபுரி உபதேசியார்:

தம்பி, பர்கூர் சகோதரி சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள், எனக்குத் தோன்றாத விஷயம் அது. சித்தப்பாவிடம் மன்னிப்பைக் கேட்கலாம், உடனே பதில் கேட்கக் கூடாது. அவர் எழுந்து போனாலும் போகட்டும், ஆறு மாதம் பேசாமல் இருந்தாலும் இருக்கட்டும். தேவன் மன்னித்தது அவர் பதிலைப் பொறுத்தது இல்லை என்பதை அப்பாவுக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள், இல்லாவிட்டால் தம்பி முகம் சுருங்கினதும் திரும்பவும் ராத்திரி அழுகை ஆரம்பிக்கும்.

என்ன சொல்வது என்று கேட்டீர்கள். நடந்ததை நடந்தபடி சொல்லட்டும். "அறிந்தும் அறியாமலும் ஏதாவது தப்பு செய்திருந்தால் மன்னிச்சிடு" என்று சாவுப் படுக்கையில் எல்லோரும் எல்லோரிடமும் சொல்கிற பேச்சு வேண்டாம். அந்தப் பேச்சில் என்ன தப்பு என்றும் வராது, யார் செய்தது என்றும் வராது. "கிணறு ரெண்டு பேருக்கும்னுதான் அய்யா சொன்னார், நான் என் பேருக்கு எழுதிக்கிட்டேன், உன்கிட்ட அய்யா பேரைச் சொல்லிப் பொய் சொன்னேன்" என்று சொல்லட்டும். எழுதிக்கொண்டதைவிட அந்தப் பொய்தான் முக்கியம், அதை விட்டுவிட விடாதீர்கள். அன்றைக்குக் கஷ்டம் இருந்தது, பிள்ளைகள் சின்னதாக இருந்தார்கள் என்று காரணம் வரும், வந்தால் நீங்கள் மெதுவாக நிறுத்துங்கள்.

அந்த நேரத்தில் அண்ணன் தம்பி இரண்டு பேர் மட்டும் இருக்கட்டும். நீங்கள் வாசலில் இருந்தால் போதும், சித்தப்பா பையன்களுக்குச் சித்தப்பாவே சொல்லிக்கொள்ளட்டும். ஐயரை அதற்கு முந்தைய நாள் வரவைத்து, அப்பா தனியாக அறிக்கையிட்டு, பாவமன்னிப்பின் வார்த்தையைக் கேட்டு, நற்கருணையும் வாங்கிக்கொள்வது நல்லது என்பது என் எண்ணம். தம்பியிடம் பேசின பிறகுதான் நற்கருணைப் பந்திக்குப் போவேன் என்று அவர் மத்தேயு 5-ஐப் பிடித்துக்கொண்டு சொன்னாலும் சொல்லுவார், அதுவும் தப்பில்லை. எது முதலில் என்று அவரையே கேளுங்கள்.